இரும்புலியூர் பாலத்தில் ஒரு தள்ளு

தொடை இரண்டும் எரிந்தன. வலி என்று சொன்னால் போதாது... உள்ளே யாரோ சாணைக்கல் வைத்துத் தேய்ப்பது போல் இருந்தது. காலையில் தின்ற இட்லி எப்போதோ கரைந்து போயிருந்தது. மதியம் சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனால், "ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு மட்டும்தாம்மா கூப்பன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜாஸ்மினுக்கும் ஹோட்டலில் அறை இருந்தது. இருந்தது... "நீ லோக்கல் பொண்ணுதானேம்மா, பம்மல்ல வீட்ட வெச்சுக்கிட்டு ரூம் எதுக்கு?" என்று சைக்கிள் சங்கத்துச் செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லி, அந்த அறையைத் தன் மைத்துனர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சர்வதேச டிராக் சைக்கிள் போட்டி. பெருங்களத்தூர் ஏரிப்பக்கம் புதிதாகக் கட்டிய சாய்வான சைக்கிள் டிராக்கைச் சுற்றி எந்தெந்த நாட்டுக் கொடியோ பறந்தது. வெளிநாட்டுப் பெண்கள் ஏ.சி. பஸ்ஸில் வந்து ஏ.சி. பஸ்ஸில் போனார்கள். சொந்த நாட்டுக்காக ஓட்டுகிற பெண், பயிற்சி முடிந்து சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்துகொண்டிருந்தாள். சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்ற விடவில்லை. ஷேர் ஆட்டோக்காரன் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

இரும்புலியூர் பாலத்து ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது.

'வரட்டும்... எல்லாம் வரட்டும். இன்னும் என்ன பாக்கி?' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். பக்கத்தில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்றது. மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் சீட்டு. சீட்டில் தலைக்குப் பாலித்தீன் பை கட்டிய ஒருவன்.

"இன்னாம்மா... பஞ்சரா? ஏத்து, தாம்பரம் வரைக்கும் வுட்டுடறேன்."

"பஞ்சர் இல்லண்ணா. நீங்க போங்க."

"பஞ்சர் இல்லேன்னா இன்னாத்துக்கு அத்த தூக்கிகினு போற? சைக்கிளு ஆள தூக்கணுமா, ஆளு சைக்கிள தூக்கணுமா?"

"இதுல பிரேக் இல்ல. ரோட்ல ஓட்ட முடியாது."

அவன் குனிந்து முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான்.

"மெய்யாலுமே இல்ல! பிரேக்கு இல்ல, பெல்லு இல்ல, மட்கார்டு இல்ல, ஸ்டாண்டு இல்ல... எவம்மா இத்த உன் தலைல கட்டினான்? கட எங்க கீது சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்வதற்குள் அவன் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி, "ஐயய்யே, கோழிக்குஞ்சு கனங்கூட இல்லியே" என்று வண்டிப் பலகையில் வைக்கப் போனான். ஓங்கி அவன் கையில் ஒன்று வைத்தாள்.

"கைய எடு! இது ரேஸ் சைக்கிள். நாளைக்கு இன்டர்நேஷனல் ரேஸ்!"

அடித்தவளுக்குத்தான் விரல் வலித்தது. கையா அது... காய்ப்பும் வெட்டுமாய்ப் பலகை மாதிரி இருந்தது. அவள் விரலை உதறினாள். அவன் சிரிக்கவில்லை. மழை அவன் இமையில் ஒரு துளியாய் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... களைத்த கண்கள். அவளைப் போலவே நாள் முழுக்க உடம்பை அடமானம் வைத்துவிட்டு வீடு திரும்புகிற கண்கள்.

"அடிச்சிட்டே இல்ல? சரியாப் போச்சு. இப்ப ஏறு" என்றான்.

ஏறினாள். சைக்கிளை அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவனைப் பார்த்தபடிதான் உட்கார முடிந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் முழங்காலைப் பார்த்தாள். சைக்கிள்காரியின் கண் வேறெங்கே போகும்? கால் ஒரே சீராகச் சுற்றியது. ஏற்றத்தின் நடுவில் அது தயங்கியது. பற்களைக் கடித்தான். வண்டி பின்வாங்கப் பார்த்த நேரம், பின்னால் வந்த இன்னொரு மீன்பாடிக்காரன் தன் வண்டியிலிருந்தபடியே கையை நீட்டி, இவன் சீட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினான். வண்டி மேடேறியது. தள்ளியவன் நிற்காமல் போய்விட்டான்.

"யாரு அவரு? உங்க ஃப்ரெண்டா?"

"யாருக்குத் தெரியும்!"

"தெரியாதவரு ஏன் தள்ளணும்?"

"ஏத்தத்துல ஒருத்தன் தெணறிகினு கீறான்னா, பின்னால வர்றவன் ஒரு தள்ளு குடுக்காம போவக் கூடாதும்மா. எங்க வண்டிக்காரங்க வழக்கம் அது. யோசிக்கிறதெல்லாம் இல்ல, கை தானா போவும்."

அவன் பெயர் துரை. இரும்புலியூர்தான். போட்டி நடக்கும் இடத்துக்கு இரும்புத் தடுப்புகளும் பலகையும் ஏற்றி இறக்குகிற கூலி. "நாளைக்கும் அங்கதான் கீறேன். நீ ஓட்டுறப்போ கைதட்டறேன். ஆனா ஒண்ணு... இந்த அண்ணா, அண்ணான்னு சொல்றத வுட்டுடணும்."

"அதெல்லாம் பழக்கமாயிடுச்சுண்ணா" என்றாள் வேண்டுமென்றே, சிரிப்பை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் சுவிசேஷமுத்து சார் டி.வி.எஸ். ஃபிப்டியோடு நின்றார். பம்மல் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அவளைச் சின்ன வயசிலேயே சைக்கிளில் ஏற்றிவிட்டவர். அவருக்கு மைதானத்துக்குள் போக அட்டை கிடையாது.

"எனக்குத் தர வேண்டிய அட்டைய அந்தச் செயலாளரு தன் அக்கா மகன் கேஷவ் கழுத்துல மாட்டி விட்டுருக்காரு பாப்பா. செயின் எந்தப் பக்கம் இருக்குன்னாவது அவனுக்குத் தெரியுமா?" என்று பொருமினார். பிறகு குரல் தணிந்து, "எப்படியாவது ஃபைனல் ஏறிடு. ஏறிட்டா ரயில்வே வேல நிச்சயம். உங்கம்மா அந்தத் தோல் கம்பெனிய விட்டு வெளிய வந்துடலாம்."

சைக்கிளை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த துரைக்கு அதெல்லாம் காதில் விழுந்தது.

---

மறுநாள் கெய்ரின் ரேஸ். ஒரு மோட்டார் வண்டி முன்னால் போகும். ஆறு பெண்கள் அதன் பின்னால் சுற்றுவார்கள். வண்டி விலகியதும் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். அரையிறுதியில் முதல் மூன்று பேர் ஃபைனலுக்கு.

டிராக் சைக்கிளில் காலைப் பெடலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கால் ஊன்றி நிற்க முடியாது. அதனால் தொடக்கக் கோட்டில் ஒவ்வொருத்தியின் சீட்டையும் அவரவர் ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். துப்பாக்கி வெடித்ததும் விட வேண்டும். விட மட்டும்தான் வேண்டும்.

ஜாஸ்மினைப் பிடிக்க வேண்டியவன் கேஷவ். அவனைக் காணவில்லை. எந்த நாட்டுக்காரியோடோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பான். நடுவர் கடிகாரத்தைக் காட்டினார். மற்ற ஐந்து பேரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. கோட்டுப் போட்ட சங்கத்து ஆள் ஒருவர் நாலா பக்கமும் பார்த்து, தடுப்பு தூக்கிக்கொண்டிருந்தவனை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார்.

"ஏய்... ஆமா, நீதான். வா இங்க. இந்தப் பொண்ணு சைக்கிளப் புடி. ஜஸ்ட் ஹோல்ட். நோ புஷிங், ஓகே?"

துரை வந்தான். கையை லுங்கியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். நேற்று அடி வாங்கிய கை.

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. ரேஸுக்காகவா, இதற்காகவா... தெரியவில்லை. திரும்பிப் பார்க்க நேரமில்லை. "கெட்டியாப் பிடிங்க, துரை" என்றாள்.

அண்ணா இல்லை. வெறும் துரை. அவனும் அதைக் கவனித்தான். பிடி இறுகியது. வானம் கறுத்து ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் அவன் மூச்சு கேட்டது. சைக்கிள் ஒரு நூல் ஆடவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவளை இப்படிப் பிடித்ததில்லை... சுவரில் சாய்ந்த மாதிரி.

வெடித்தது.

முதுகெலும்புக்குக் கீழே ஒரு தள்ளு. நல்ல, பலமான, முழு மனசான தள்ளு.

'ஐயோ!' என்று அவளுக்குள் ஒரு குரல் கத்தியது. ஆனால் கால் நிற்காது. அந்தச் சைக்கிள் நிற்கவே நிற்காது. மிதித்தாள். எரிகிற தொடையோடு மிதித்தாள். கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டி இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். பார்வையாளர் பக்கம் கூச்சல். எல்லாரையும் விடச் சத்தமாக, தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தவன் துரை.

ஸ்கோர் பலகையில் பெயர்கள் ஒளிர்ந்தன. அவள் பெயர் கடைசியில் இருந்தது. பிடித்தவர் தள்ளியதால் கடைசி இடத்துக்கு இறக்கப்பட்டதாக மைக்கில் சொன்னார்கள். ஃபைனல் போயிற்று.

சைக்கிளை விட்டு இறங்கி நேரே அவனிடம் வந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டே!"

"இன்னாமா? ஜெயிச்சிட்டே இல்ல... ரெண்டாவதா வந்தியே!" அவன் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"தள்ளினா அவுட்டு! தள்ளக் கூடாதுன்னு உனக்கு யாருமே சொல்லலையா?"

சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளங்கையைப் பார்த்தான்.

"அந்தக் கோட்டு ஏதோ இங்கிலீசுல சொன்னாரு... நானு புடிக்கத்தான் புடிச்சேன். உன் காலு நடுங்குச்சு. வலிக்குதுன்னு தெரிஞ்சிச்சு. கை தானா..."

"போ! என் கண்ணு முன்னால நிக்காத!"

எத்தனை நாட்டுக்காரர்களோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தடுப்புப் பக்கம் போனான். போகிறவன் முதுகைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. தன் வாயைத் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் கோபம்... அம்மாவின் விரலில் ஏறிப்போன தோல் நாற்றம் நினைவுக்கு வந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத நாற்றம்.

---

செயலாளரே தேடி வந்தார். இந்த வாரம் முழுக்க அவள் பக்கம் திரும்பாத முகம், இப்போது தேன் தடவிக்கொண்டு வந்தது.

"கவலப்படாதம்மா. ப்ரொடெஸ்ட் பண்ணலாம். யாரோ வெளியாள் டிராக்குக்குள்ள புகுந்து உன் சைக்கிளப் பிடிச்சுட்டான்னு சொல்லிடு. செக்யூரிட்டி ப்ராப்ளம்னா ரேஸ மறுபடி வைப்பாங்க. தலைமை நடுவர்கிட்ட பேசிட்டேன், உன் வாயால ஒரு வார்த்த வேணும், அவ்ளோதான்."

"வெளியாளா? சங்கத்து ஆளுதானே சார் அவர இழுத்துட்டு வந்தாரு."

"அதெல்லாம் நீ பாத்தியா? டென்ஷன்ல இருந்தே. அவன போலீஸ்ல குடுத்துடறோம். ரெண்டு நாள் வெச்சுட்டு விட்டுடுவாங்க. கூலிக்காரன்தானே... அவனுக்கு என்ன போகப் போகுது?"

பந்தலுக்கு வெளியே இரண்டு காவலாளிகள் துரையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவனைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு மேலே, தட்டில் பிரியாணியோடு கேஷவ் நின்றுகொண்டு சாப்பிட்டான். கழுத்தில் சுவிசேஷமுத்து சாரின் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

தலைமை நடுவர், நரைத்த கிராப் வைத்த வெள்ளைக்கார அம்மாள், ஜாஸ்மினைப் பார்த்துக் கேட்டாள். இந்த ஆளை அழைத்து வந்தது யார்?

ஒரே ஒரு வார்த்தை. தெரியாது என்று சொன்னால் போதும். ஃபைனல், ரயில்வே, அம்மா... எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையாய் நின்றன. அவளுக்கு அவன் மேல் கோபம் இல்லாமலா? நிறைய இருந்தது. அந்தக் கோபத்தைக் கொஞ்சம் வளைத்தால் பொய் தானாக வந்துவிடும்.

செயலாளர் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த துரை தரையிலிருந்தே சொன்னான். "சொல்லிடும்மா. ரெண்டு நாளுதான? பரவால்ல. உங்கம்மாவ வெளிய கொண்டாந்துடு."

அவ்வளவுதான். அவளுக்குள் எதுவோ கொதித்துப் பொங்கியது.

"நீ சும்மா இரு! உன்ன யாராவது கேட்டாங்களா? எல்லா அடிக்கும் முதுகக் குடுக்கறதே பொழப்பா?" என்று அவன் மேல் பாய்ந்துவிட்டு, நடுவர் பக்கம் திரும்பினாள். தெரிந்த இங்கிலீஷில், தப்பும் தவறுமாய், ஆனால் உரக்கச் சொன்னாள். இவர் தானாக வரவில்லை. பிடிக்க வேண்டியவன் அதோ, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் ஆட்கள்தான் இவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். விதியை இவருக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. தப்பு எங்கள் சங்கத்துடையது. இவரை விடச் சொல்லுங்கள்.

கேஷவின் கை தட்டோடு பின்னால் போய் ஒளிந்தது. செயலாளரின் முகத்தில் தேன் வற்றிவிட்டது.

"அப்படியானால் முடிவு மாறாது" என்றாள் நடுவர், மெதுவாக.

"தெரியும்" என்றாள் ஜாஸ்மின். குரல் உடைந்தது. உடைந்தால் என்ன... சொல்லியாயிற்று.

காவலாளிகள் காலரை விட்டார்கள். ஆனால் அன்றைய வேலை முடிந்தது, பலகையை ஏற்றிக்கொண்டு போ என்று துரையை விரட்டினார்கள். தோற்றவர்களுக்கான ஓட்டத்தில் கேஷவ் வந்து அவள் சைக்கிளைப் பிடித்தான். அவள் அதில் முதலாவதாக வந்தாள். மொத்தத்தில் ஏழாவது இடம். ஏழாவதாக வருகிறவளை யாரும் படம் எடுப்பதில்லை.

---

சாயங்காலம் மறுபடி அதே பாலம், அதே ஏற்றம். மழையும் விடவில்லை.

தோளில் சைக்கிள், காலில் எரிச்சல். முன்னால் ஒரு மீன்பாடி வண்டி நனைந்த பலகைகளோடு திணறிக்கொண்டிருந்தது. சீட்டில் இருந்தவனின் முதுகு அவளுக்குத் தெரியும். கிழிந்த காலரும் தெரிந்தது.

நின்றாள். 'போகட்டுமே, எனக்கென்ன' என்று நினைத்துப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. ஓடிப்போய் சீட்டுக்குப் பின்னால் ஒரு கையை வைத்துத் தள்ளினாள்.

"தாங்க்ஸ் தல" என்றான் அவன், திரும்பாமலே.

"தலையும் இல்ல, வாலும் இல்ல. மிதி."

அவன் சட்டென்று திரும்ப, வண்டி பின்னால் சறுக்கியது. "நிறுத்தாத! மேல வந்து விழுது பாரு!" என்று கத்தினாள். அவன் அடித்துப் பிடித்து மிதித்தான். இருவருமாக மேட்டைத் தொட்டபோது மூச்சு வாங்கியது. பாலத்தின் உச்சியில், விளக்கு வெளிச்சத்தில் மழை ஊசி ஊசியாய் இறங்கியது. கீழே மின்சார ரயில் ஒன்று தாம்பரத்தை நோக்கிப் போயிற்று.

"இன்னாத்துக்கும்மா அப்படி சொன்னே? ஒரு வார்த்த பொய் சொல்லியிருந்தா பைனலு..."

"வாய மூடு. அந்தப் பேச்ச எடுத்தா இன்னொரு அடி விழும்."

கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. மழையில் எது எதுவென்று தெரியாது, நல்லவேளை.

"இன்னும் கோவமா கீறியா?"

"ஆமா. ஃபைனல் போச்சு. சாகற வரைக்கும் கோவம் இருக்கும்."

"செரி" என்றான், தலையைக் குனிந்து.

"உன்னையும் பிடிச்சிருக்கு. ரெண்டும் இருக்கு. ஒண்ணு வந்துட்டதால இன்னொண்ணு போயிடாது."

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... நேற்றுத் துளி விழலாமா வேண்டாமா என்று நின்ற அதே இமை. இன்று விழுந்துவிட்டது.

"நான் மீன்பாடிக்காரன்மா."

"எனக்கென்ன கண்ணு இல்லையா? தெரியும்."

"உங்க வூட்ல..."

"எங்க வீட்ட நான் பாத்துக்கறேன். மொதல்ல நீ வாயத் தொறந்து சொல்லு."

அவன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நேத்து கைல ஒண்ணு வெச்சே பாரு... அப்பவே. ராத்திரி சோறு உண்றப்போ அந்தக் கையப் பாத்துகினே குந்தினுருந்தேன். எங்கம்மா, இன்னாடா பேய் புடிச்சிச்சான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

அவள் அவன் தோளில் குத்தினாள். இந்தத் தடவையும் விரல்தான் வலித்தது.

அவன் தோளைத் தடவிக்கொண்டான். பிறகு அவன், "உனக்கு ஒரு பைனலு நான் தரணும்" என்றான்.

"நீ தர வேண்டாம். அது சங்கம் எனக்குத் தர வேண்டியது. அவங்க வாசல்ல போய் நின்னு நானே கேப்பேன். நாளைக்கும் கேப்பேன், நாளன்னைக்கும் கேப்பேன். நீ தர வேண்டியது வேற."

"இன்னா?"

"ஒரு ஸ்டார்ட். அடுத்த ரேஸ்ல நீதான் வந்து பிடிக்கணும். இன்னிக்குப் பிடிச்ச மாதிரியே. வெடிச்சதும் விடணும். தள்ளாம."

துரை தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனையோ முகம் தெரியாத வண்டிகளை இந்தப் பாலத்தில் மேடேற்றிய கை.

"அது தானா போவுமே..."

"கட்டி வெச்சுட்டு வா."

சைக்கிளைப் பலகை மேல் வைத்தாள். அவனைப் பார்த்தபடியே ஏறி உட்கார்ந்தாள். வண்டி இறக்கத்தில் உருண்டது.

செயலாளர் இன்னும் செயலாளராகத்தான் இருக்கிறார். கேஷவ் கழுத்தில் அட்டை இன்னும் தொங்குகிறது. ஜாஸ்மினின் அம்மா இன்று காலையும் தோல் கம்பெனிக்குத்தான் போனாள். அடுத்த போட்டியின் தேதியை யாரும் சொல்லவில்லை. தள்ளாமல் ஒரு ஸ்டார்ட்... துரை ஜாஸ்மினுக்குத் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.